துடைக்கக் கூடாத கண்ணாடி

அக்டோபர் 6, ஞாயிறு

மூத்த மகனின் மகன் பிரணவன் திருப்பூரில் பல் டாக்டர். இரண்டு நாற்காலி போட்ட ஆஸ்பத்திரி. அவன் தங்கை நித்திலா குரூப் டூ தேர்வை முதல் தடவையிலேயே தேறி, தாராபுரம் கருவூலத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறாள். சின்ன மகனின் மகன் கபடியில் மாநிலத்துக்கு ஆடி முட்டியை உடைத்துக்கொண்டான். கோப்பை உடையாமல் வீட்டில் இருக்கிறது. மகள் வழிப் பேத்தி கோகிலவாணி பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலில் நூற்றுக்கு நூறு, கல்லூரியில் தங்கப் பதக்கம், இப்போது டாக்டர் பட்டத்துக்கு வால்நட்சத்திரம் படிக்கிறாள். முதல் மூவருக்கு அப்பத்தா, இவளுக்கு அமுச்சி, அதுதான் நான்: நாச்சாயம்மாள், ஐந்தாம் வகுப்பு, காங்கேயம்.

பெருமை முடிந்தது. இனி எரிச்சல்.

இந்த டைரி தை மாதம் உரக்கடைக்காரர் சும்மா கொடுத்தது. ஒன்பது மாதம் அலமாரியில் கிடந்தது. பால்பாறை மலைக்கு வந்த மூன்றாம் நாளே எழுதத் தொடங்கிவிட்டேன், இங்கே பேச ஆளில்லை. வான்நோக்கு நிலையம் என்று பெயர்தான் பெரிது. நான்கு குவார்ட்டர்ஸ், ஒரு வெள்ளைக் குண்டுக் கட்டடம், மிச்சமெல்லாம் குரங்கு. கேன்டீன்காரர் மகளின் பிரசவத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். இங்கே தங்கி ஆராய்ச்சி செய்யும் கோகிலவாணி, போன வருடம் மஞ்சள்காமாலை வந்த பிள்ளை, கண்டதைத் தின்னக் கூடாது என்று என் மகள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டாள். சமைக்க வந்தேன். சமைத்ததைத் தின்ன ஆள் விழித்திருக்க வேண்டாமா? ராத்திரியெல்லாம் கருவியைச் சரிபார்க்கிறாளாம். பகலெல்லாம் தூக்கம்.

எழுப்பினால், “ஏனுங் அமுச்சி, மணி பத்துதானுங்களே ஆச்சு?”

“பத்தா? உங்கொம்மா உன்னயப் பெத்த அன்னைக்கே பத்து மணிக்கு எந்திரிச்சு உக்காந்து காப்பி கேட்டா.”

திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 8, செவ்வாய்

இன்று கேட்டே விட்டேன். அப்படி அந்த வால்நட்சத்திரத்தில் என்னதான் இருக்கிறது?

“தூசிங் அமுச்சி.”

“தூசியா?”

“அதுக்குச் சொந்த வெளிச்சம் கெடையாதுங். பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியன்கிட்ட வரும்போது பனி ஆவியாகி, உள்ள இருக்கற தூசி பறக்குது. அந்தத் தூசில பட்டுச் செதறி வர்ற சூரிய வெளிச்சத்தத்தான் நாம பாக்கறோம்.”

“தூசியப் பாக்கறதுக்கா இத்தன படிப்பு? நம்மூட்டுப் பரண்ல ஏறியிருந்தா நாலாங்கிளாஸ்லயே பாத்திருக்கலாமே.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் கையைப் பிடித்துப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப் போனாள். சாயங்கால வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணைக் குத்தியது. கறுப்புக் கண்ணாடித்தாள் ஒன்றைக் கொடுத்து, இதன் வழியாகப் பாருங்கள், மெல்லத் திருப்புங்கள் என்றாள். திருப்பினேன். கூச்சம் போயே போய்விட்டது. தொட்டியின் அடிவரை தெரிந்தது. முந்தாநாள் குரங்கு தூக்கிப்போன என் எவர்சில்வர் டம்ளர் அங்கே கிடந்தது!

சூரிய வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஆடிக்கொண்டு வருமாம். எதன் மேலாவது பட்டுத் திரும்பினால் ஒரு பக்கமாக அதிகம் ஆடுமாம். இந்தத் தாள் ஒரு பக்க ஆட்டத்தை மட்டும் உள்ளே விடும். டெலஸ்கோப்பில் மாட்டும் அவளுடைய கருவிப் பெட்டிக்குள்ளும் இதே வேலைதான். வால்நட்சத்திர வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு ஒரு பக்கமாக ஆடுகிறது என்று அளப்பாள். அதை வைத்து அந்தத் தூசி மணல் போலக் கெட்டியா, ஒட்டடை போலப் பொசபொசப்பா என்று சொல்லிவிடலாமாம்.

“கையில தொடாமயேவா?”

“ஏழு கோடி கிலோமீட்டருக்கு அக்கட்ட இருக்குதுங் அமுச்சி. எங்க போயித் தொடறது?”

சூரியன் உண்டாவதற்கு முன்னால் இருந்த தூசியாம். இப்போது விட்டால் இந்த வால்நட்சத்திரம் மறுபடி வர எண்பதாயிரம் வருடம். மேற்கில் பொழுது சாய்ந்ததும் ஒரு மணி நேரம், அதுவும் இரண்டு வாரம்தான். இதை அளந்தால்தான் அவளுடைய பட்டத்துக்கு வேண்டிய கடைசி அத்தியாயம் நிறையும்.

இவ்வளவும் தெரிந்த பிள்ளைக்குத் தட்டைக் கழுவத் தெரியவில்லை.

அக்டோபர் 9, புதன்

மழை. மாவு புளிக்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. டெலஸ்கோப்பை ஓட்டும் பொன்னுரங்கம் கட்டடத்துக்குள் பூஜை போட்டார். முப்பது வருடமாக அவர்தான் போடுகிறாராம். அந்தப் பெரிய குழாயைத் தாங்கும் இரும்புக் காலுக்குத் திருநீற்றுப் பட்டை, சந்தனம், குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று. பொரி, சுண்டல். சுண்டலில் உப்பு இல்லை.

குவார்ட்டர்ஸில் நான் போட்டேன். அரிவாள்மனை, தோசைக்கரண்டி, குக்கர், டார்ச்லைட், கோகிலவாணியின் லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். கட்டடத்துக்குள் ஈரம் ஏறுகிறது என்று அவளுடைய பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்திருந்தாள். அந்த வீட்டில் உண்மையான ஆயுதம் என்றால் அதுதானே? முன்னால் ஒரு மூடி. திருகினால் உள்ளே வட்டமாக, நெற்றி மாதிரி, ஒரு கண்ணாடி. அதற்கும் சந்தனம் வைத்து மேலே குங்குமம் வைத்தேன். அவள் புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. முந்தானையால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் துடைத்து மூடியைத் திருகிவிட்டேன்.

துடைத்துவிட்டால் வைக்காத மாதிரிதான். இதில் சொல்ல என்ன இருக்கிறது?

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. வால்நட்சத்திரம் தெரிந்தது. இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கு, ஒரு விளக்குமாற்றுக் குச்சியைச் சாய்த்து வைத்த அளவுதான் இருக்கிறது. நாலு பேர் பார்த்து, “ஆ” என்றார்கள். நானும் “ஆ” என்றேன்.

பிறகு மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் கொஞ்ச நேரம் நின்றேன். கொசு கடித்தது. உள்ளே வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

மேகம் வந்து வந்து போகிறது. அந்தப் பிள்ளை படும் பாட்டைப் பார்த்தால் எனக்கு மேகத்தை விளக்குமாற்றால் கூட்டலாம் போலிருக்கிறது. இருபது நிமிடம் வானம் திறக்கும், ஓடுவாள். மூடும், வருவாள். சாப்பாடு மூன்று தடவை சுட வைத்தேன்.

அவளுக்கும் பொன்னுரங்கத்துக்கும் சின்னத் தகராறு. வால்நட்சத்திரத்தை அளப்பதற்கு முன்னால், ஒரு பக்க ஆட்டமே இல்லாத வெறும் நட்சத்திரம் ஒன்றை அளக்க வேண்டுமாம். அதற்குச் சுழி, அதாவது பூஜ்யம், வந்தால்தான் பெட்டி சரி என்று அர்த்தம்.

“வெறும் நட்சத்திரம் மூணு நாளாப் பாக்கல அம்மிணி,” என்றார் பொன்னுரங்கம்.

“தெரியுங் அண்ணா. இருக்கற இருவது நிமிசத்துல அதப் பாத்தா, இது மலைக்குக் கீழ போயிருது. பொறவு பாத்துக்கலாம். போன மாசம் பாத்தப்ப பெட்டி சரியாத்தானே இருந்துச்சு?”

“உங்க இஷ்டம்.”

பிள்ளை சொல்வதுதான் சரி. போன மாதம் சரியாக இருந்த பெட்டி இந்த மாதம் கெட்டா போய்விடும்?

அக்டோபர் 16, புதன்

இன்று பெருமைக்கு இடம் போதாது!

மற்ற வால்நட்சத்திரங்களில் இந்தக் கோணத்தில் நூற்றுக்கு இருபத்தைந்து, இருபத்தாறுதான் வருமாம். இவளுக்கு முப்பத்தொன்று. நான்கு நாளும் முப்பத்தொன்று. இதுவரை யாரும் பார்க்காத பொசபொசப்புத் தூசி என்று அர்த்தம். பெங்களூரில் இருக்கும் அவளுடைய பேராசிரியர் உதயசங்கர் போனில் கத்தியது அடுப்படிவரை கேட்டது. பாதி இங்கிலீஷ், பாதி தமிழ், மீதி இருமல்.

மதியமே வேலையை ஆரம்பித்துவிட்டேன். மகளுக்குப் போன், இரண்டு மருமகள்களுக்கும் போன், பால்காரர் மனைவிக்குப் போன். கடைசியாகச் சம்பந்தியம்மா தாயம்மாளுக்கு. அவள் பேரன் அமெரிக்காவில் கார் வாங்கியதை எட்டு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“எம்பேத்தி வால்நட்சத்திரத்துல புதுசாக் கண்டுபுடிச்சுட்டாளுங் சம்பந்தி. ஒலகத்துலயே மொதல் ஆளு.”

“அப்புடிங்களா? அதுக்கு எத்தன சம்பளம் ஏத்துவாங்க?”

இவளிடம் போய்ச் சொன்னேன் பார்.

அக்டோபர் 18, வெள்ளி

பொன்னுரங்கம் கருவேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். உட்காரச் சொல்லிக் காப்பி போட்டேன். பேச்சுக்கு, “பூஜையன்னைக்கு இரும்புக் காலுக்கு மட்டும் ஏனுங் பொட்டு வெச்சீங்க? குழாய் நெத்தியில வெச்சாத்தானே பாந்தமா இருக்கும்?” என்றேன்.

மனிதர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அய்யோ அம்மா! கண்ணாடிகிட்டயா? நான் சேர்ந்த புதுசுல ஒரு கண்ணாடில வெரல் ரேகை பட்டுப்போச்சுன்னு அப்ப இருந்த டைரக்டர் ரெண்டு நாள் எங்கூடப் பேசல. அதுலயும் அம்மிணியோட பெட்டி இருக்குதே, அது ஒரு பக்க ஆட்டத்த அளக்கறது. கண்ணாடில எண்ணெயோ மையோ ஒரு பக்கமா இழுவிக் கெடந்தா, அந்த இழுவலே வெளிச்சத்த ஒரு பக்கமாத் திருப்பி உட்டுரும். வால்நட்சத்திரம் இருவதுன்னு சொன்னா இது இருவத்தஞ்சுன்னு காட்டும்.”

காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டேன். போதும் என்றார்.

முந்தானை பருத்தி. நன்றாகத்தான் துடைத்தேன்.

அக்டோபர் 19, சனி

பருப்பு தீய்ந்தது. கேஸ் அடுப்பு சரியில்லை.

உதயசங்கர் மறுபடியும் பேசினார். திங்கட்கிழமை காலையில் உலகத்தில் இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பப் போகிறார்கள். முதல் பெயர் கோகிலவாணி. அனுப்பிவிட்டால் திரும்ப வாங்க முடியாதாம். ஒருவேளை தப்பாக இருந்தால் என்று கேட்டேன், சும்மாதான் கேட்டேன்.

“தப்பா இருந்தா அவ்வளவுதானுங் அமுச்சி. இனிமே நா என்ன அளந்து சொன்னாலும், ஓ, அந்தப் புள்ளையான்னு சிரிப்பாங்க.”

சொல்லிவிட்டு லேப்டாப்பில் படம் வரையத் தொடங்கிவிட்டாள். தலையை வாரவில்லை. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. வாய் மட்டும் ஏதோ பாட்டை முணுமுணுத்தது. சின்ன வயதில் மார்க் வாங்கி வரும்போது அப்படித்தான் முணுமுணுத்துக்கொண்டு வருவாள்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. ஒரு மூடியைப் பூட்டி வைக்கத் தெரியாதா? மூன்று நாள் அந்த வெறும் நட்சத்திரத்தைப் பார்த்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? பொன்னுரங்கம் சொன்னபோதே கேட்டிருக்கலாம். பெரியவர்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

அக்டோபர் 20, ஞாயிறு

காலை ஒன்பதுக்கு அவள் தூங்கும்போது ஒரு வேலை செய்யப் போனேன். இன்று எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் இந்த டைரி எதற்கு?

பழைய வேட்டித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து எடுத்துக்கொண்டேன். ஈரத்துக்குப் பயந்து அவள் தினமும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடும் பெட்டியின் மூடியைத் திருகினேன். ஜன்னலுக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இருட்டில் திறக்கிறவளுக்கு எங்கே தெரியும்? பொட்டு போய்விட்டது, ஆனால் மேலிருந்து கீழே மங்கலாக மஞ்சள் இழுவல், கோடு கோடாக, தென்னந்துடைப்பத்தால் வாசல் கூட்டியது போல. என் முந்தானை போன வழி. முகர்ந்தால் சந்தன வாசம் கூட இருந்தது.

ஒரு துடைப்பு துடைத்தால் போதும். யாருக்கும் தெரியாது. இன்று சாயங்காலம் அளந்தால் இருபத்தாறு வரும். மேகம், ஈரம், வால்நட்சத்திரம் மாறிவிட்டது என்று அவர்களே ஏதாவது சொல்லிக்கொள்வார்கள். ஆனால் திங்கட்கிழமை அறிவிப்பு? முப்பத்தொன்று என்றுதான் போகும். அவள் பெயரில் போகும்.

துணியைக் கையில் வைத்துக்கொண்டே போய் எழுப்பினேன்.

“கோகி. எந்திரி சாமி.”

“மணி என்னங்?”

“மணி கெடக்குது. உன்ற பெட்டிக் கண்ணாடிக்கு நான் பொட்டு வெச்சுட்டேன்.”

கண்ணைத் திறந்தாள். “என்னங்?”

“ஆயுத பூஜையன்னைக்கு. சந்தனம், குங்குமம். வெச்சுட்டுத் தொடைச்சும் போட்டேன். இழுவிக்கெடக்குது. உன்ற முப்பத்தொண்ணு என்ற முந்தானதான்னு நெனைக்கறேன்.”

எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. பல் விளக்காத வாயோடு என்னையே பார்த்தாள். பிறகு என் கையில் இருந்த ஈரத்துணியைப் பார்த்தாள்.

“அமுச்சி! தொடைச்சிட்டீங்களா?”

“இல்ல. இப்பத்தான் தொடைக்கலாம்னு...”

“தொடாதீங்க! தொடாதீங்க அத!” என்று போர்வை காலில் சிக்க ஓடினாள். என் கையிலிருந்து துணியைப் பிடுங்கி வாசலில் எறிந்தாள். அழுக்கைத் துடைக்காதே என்று கத்திய பெண்ணை இந்த எழுபத்திரண்டு வயதில் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

விஷயம் இதுதான். துடைத்துவிட்டால் அந்த இழுவல் எத்தனை கூட்டிக் காட்டியது என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும். எடுத்த அளவெல்லாம் குப்பை. இழுவல் அப்படியே இருந்தால், அதன் வழியாகவே அந்த வெறும் நட்சத்திரத்தை அளக்கலாம். சுழி வரவேண்டிய இடத்தில் என்ன வருகிறதோ அது என் முந்தானையின் பங்கு. அதைக் கழித்தால் மிச்சம் உண்மை. நடுவில் இழுவல் கலையக் கூடாது. காயக் கூடாது, பூசணம் பிடிக்கக் கூடாது, எறும்பு வரக் கூடாது. கூடிய சீக்கிரம் ஒரு சாயங்காலமாவது வானம் திறக்க வேண்டும்.

உதயசங்கருக்குப் போன் போட்டாள். அறிவிப்பை நிறுத்தச் சொன்னாள். அந்தப் பக்கம் ஏன், ஏன் என்று கேட்டது அடுப்படிவரை வந்தது.

“வெறும் நட்சத்திரம் பாக்காம விட்டது என்ற தப்புங் சார்,” என்றாள். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

போனை வைத்ததும் கேட்டேன். “என்னயச் சொல்ல வேண்டீதுதானே?”

“மூடியத் தெறந்தது நீங்க. பாக்காம விட்டது நானுங்.”

சாப்பிடாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் தனியாக உட்கார்ந்து நான்கு தோசை தின்றேன். பசியில்லை. கோபத்துக்குத் தின்றேன்.

அக்டோபர் 21, திங்கள்

மழை.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. பெட்டியை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன் என்று கத்தினாள். எறும்பு வருமாம். எனக்குத் தெரியாதா எறும்பைப் பற்றி? மேசைக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். சரி என்று ஒத்துக்கொண்டாள், ஆனால் வாயால் சொல்லவில்லை.

அக்டோபர் 23, புதன்

மழை. குரங்கு. மழையில் நனைந்த குரங்கு.

அக்டோபர் 24, வியாழன்

இன்று அவளாகவே பேசினாள். நான் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, “ஏனுங் அமுச்சி, லேப்டாப்புக்கு, குக்கருக்கெல்லாம் வெச்சீங்க சரி. என்னத்துக்குக் கண்ணாடிக்கு?”

“நீ அதுக்குள்ளதானே ராத்திரியெல்லாம் பாத்துட்டிருக்கற. அது நல்லபடியா இருந்தா நீயும் நல்லபடியா இருப்பேன்னு நெனச்சேன்.”

அவளும் அவரைக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினாள். கோணல்மாணலாக நறுக்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாருக்குத் தெரியும்?

அக்டோபர் 26, சனி

ஐந்தரைக்கு மேற்கே ஒரு கிழிசல் விட்டது. பொன்னுரங்கம் செருப்பில்லாமல் ஓடினார். கோகிலவாணி பெட்டியைப் பச்சைக் குழந்தை போல இரண்டு கையில் ஏந்திக்கொண்டு போனாள். நான் குடை பிடித்தேன், மழை இல்லை, மரத்துச் சொட்டு விழக் கூடாதே என்று.

வால்நட்சத்திரம் வெறும் புகை போல இளைத்துவிட்டது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெறும் நட்சத்திரத்தைத்தான் பிடித்தாள். நாற்பது நிமிடம். நான் வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அவள் எண்களைச் சொல்லச் சொல்ல, பொன்னுரங்கம் நோட்டில் எழுதும் சத்தம். “மறுபடி பாக்கலாமுங் அண்ணா.” “சரி அம்மிணி.” “இன்னொருக்கா.” “சரி அம்மிணி.” மேகம் மூடியது.

வெளியே வந்தாள். “அஞ்சுங் அமுச்சி.”

“அஞ்சுன்னா?”

“உங்க முந்தான நூத்துக்கு அஞ்சு.”

முப்பத்தொன்றில் ஐந்து போனால் இருபத்தாறு. இந்தக் கழித்தல் எனக்கு ஐந்தாம் வகுப்பிலேயே தெரியும். மற்ற எல்லா வால்நட்சத்திரத்தையும் போல. பொசபொசப்பும் இல்லை, புதுமையும் இல்லை, சாதாரணத் தூசி.

பொன்னுரங்கம்தான் முதலில் சிரித்தார். “முப்பது வருசமாப் பொட்டு வெக்கறேன், ஒருத்தருக்கும் அஞ்சு மார்க் கெடைக்கல. அம்மாவுக்கு வந்த ரெண்டாம் வாரமே கெடச்சிருச்சு.”

அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அது சிரிப்புக் கண்ணீரா என்று நான் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். வாங்கிக்கொண்டாள்.

அக்டோபர் 27, ஞாயிறு

காலையில் உதயசங்கர் பேசினார். அளவுகள் அத்தனையும் பயன்படும், கடைசி அத்தியாயம் எழுதலாம் என்றார். புதுக் கண்டுபிடிப்பு இல்லாத அத்தியாயம். அதற்கும் பட்டம் கொடுப்பார்களாம். ஆனால் பட்டம் முடிந்ததும் வெளிநாட்டில் போய்ப் படிக்கக் கேட்டிருந்த இடம், முப்பத்தொன்று என்றால் உடனே கிடைத்திருக்கும். இருபத்தாறுக்கு வரிசையில்தான் நிற்க வேண்டும். இதை அவள் என்னிடம் சொல்லவில்லை. போனில் பேசியது அடுப்படிக்குக் கேட்டது.

கட்டுரையில் ஒரு வரி எழுதியிருக்கிறாள். தமிழில் சொல்லிக் காட்டினாள். “நுழைவுக் கண்ணாடியில் இருந்த படிவின் பங்கு அளந்து கழிக்கப்பட்டது.” யார் படிவு என்று இல்லை. என் பெயரைப் போடாதே என்று நான்தான் சொன்னேன். போடவில்லை. அதற்கும் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பிறகு அவளே அந்தக் கண்ணாடியைத் துடைத்தாள். ஏதோ மருந்து, ஏதோ பஞ்சு, ஒருமுறை தொட்ட பஞ்சை மறுமுறை தொடவில்லை. நான் தள்ளி நின்று பார்த்தேன். துடைப்பது எப்படி என்று அவளுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. தட்டுக்குத்தான் வராது போல.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளி நோன்புக்கு ஊருக்குத் திரும்பினேன். அவள் வரவில்லை, எழுத வேண்டுமாம். கேன்டீன்காரர் திரும்பிவிட்டார், பேரன் பிறந்திருக்கிறான்.

அன்று பெருமையாகச் சொன்னவர்களுக்கெல்லாம் மாலையில் திரும்பப் போன் போட்டு உண்மையைச் சொன்னேன். மகள், மருமகள்கள், பால்காரர் மனைவி. ஒவ்வொருவரிடமும், என் தப்பு, பொட்டு வைத்துவிட்டேன் என்றேன். பால்காரர் மனைவி, அதனால என்னங்க, சாமிக்குத்தானே வெச்சீங்க என்றாள். தாயம்மாளைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

“அப்ப ஒண்ணுமே புதுசில்லீங்களா?”

“இல்லீங். எல்லா வால்நட்சத்திரமும் மாதிரிதானாம்.”

“அது அந்தப் புள்ளயாவே சொல்லிருச்சா?”

“ஆமாங். அனுப்பறதுக்கு முந்தின நாள் நிறுத்திப்போட்டா.”

“எம்பேரன் அந்தக் காரக் கடன்ல வாங்கியிருக்கறானுங் சம்பந்தி. எட்டு மாசமா உங்ககிட்டச் சொல்லோணும்னு இருந்தேன்,” என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போனை வைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

கோகிக்குக் கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். முதலில் இங்கே எழுதிப் பார்க்கிறேன், பிழை இருந்தால் தெரியும்.

சாமி, கோகி. நேரத்துக்குச் சாப்பிடு. பகலில் தூங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் பதினொன்றுக்காவது எழுந்திரு. பொன்னுரங்கத்திடம் அடுத்த வருடம் சுண்டலுக்கு உப்புப் போடச் சொல். வெளிநாட்டு வரிசையில் உனக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று கேட்டு எழுது, ஒளிக்காதே, அடுப்படிக்கு எல்லாம் கேட்கும்.

இங்கே கூடத்துச் சுவரில் மாட்டிய படங்களில் பல் டாக்டர் கோட்டோடு இருக்கிறான், நித்திலா நாற்காலியில் இருக்கிறாள், கபடிக்காரன் கட்டுப் போட்ட காலோடு இருக்கிறான். உன்னுடையது பன்னிரண்டாம் வகுப்புப் பரிசு வாங்கியது. பத்து வருடமாகிறது, பார்க்கிறவர்கள் எல்லோரும், இன்னும் பள்ளிக்கூடம் போகிறாளா என்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. போனில் அனுப்பாதே, அது எங்கே போகிறது என்றே தெரிவதில்லை. பெரிய அளவு வேண்டும், நடுவில் மடிக்கக் கூடாது, அட்டை வைத்து அனுப்பு.